கொந்தளிக்கும் பிளாஸ்மாவில் காந்தக் கயிறுகள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி இதுதான்: கொந்தளிப்பு எதையும் கலக்கிக் கரைத்துவிடும். தண்ணீரில் விட்ட மைத்துளி நாலு சுற்றில் காணாமல் போகிறது. அப்படியிருக்க, பிளாஸ்மா, அதாவது அணுக்கள் மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்து கிடக்கும் சூடான வாயு, கொந்தளிக்கும்போது மட்டும் காந்தப்புலம் தாளாகவும் கயிறாகவும் வலையாகவும் திரள்வது எப்படி?

மைத்துளியிலிருந்தே தொடங்குவோம். கலக்கியவுடன் மை கரைந்துவிடுவதில்லை. முதலில் இழையாக நீள்கிறது, மடிகிறது, மறுபடி நீள்கிறது. இழை போதுமான அளவு மெலிந்த பிறகுதான் மூலக்கூறுகளின் பரவல் வந்து மிச்சத்தை முடித்துவைக்கிறது. காந்தப்புலத்துக்கும் கதையின் முதல் பாதி இதேதான். ஆனால் மையை நீட்டினால் வெளிறும். காந்தப்புலத்தை நீட்டினால் வலுக்கும். நம் கேள்விக்கான பதிலில் பாதி இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

ஏன் வலுக்க வேண்டும்? பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்களும் அயனிகளும் தனித்தனியே திரிவதால் மின்சாரம் ஏறக்குறையத் தடையின்றிப் பாயும். திரவம் போல ஓடும் அப்படிப்பட்ட பொருளில் காந்தப்புலக் கோடுகள் பொருளோடு ஒட்டிக்கொண்டே நகரும் என்று 1940-களின் தொடக்கத்தில் ஹான்னஸ் ஆல்வென் காட்டினார் (1970-இல் நோபல் பரிசு பெற்றவர்). திரவம் போகும் இடத்துக்குக் கோடும் போகும். இப்போது ஒரு மெல்லிய குழாய் வடிவத் திரவத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீளவாக்கில் காந்தப்புலம். சுழல் ஒன்று அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுக்கிறது. கொள்ளளவு மாறாததால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும். உள்ளே ஓடும் கோடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, பரப்பு மட்டும் பாதி. ஆகவே புலத்தின் வலிமை இரட்டிப்பு. ஆற்றல் வலிமையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நான்கு மடங்கு. அந்த ஆற்றலைக் கொடுத்தது சுழலின் இயக்கம். இரண்டாவது இழுப்பில் பதினாறு மடங்கு. பத்து இழுப்பில் பத்து லட்சம் மடங்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. காந்தப்புலக் கோடு என்பது நூலோ கம்பியோ அல்ல. நாம் வரைந்து பார்க்கும் வசதி. 'கோடு அறுகிறது', 'கோடு ஒட்டுகிறது' என்று கீழே எழுதும்போதெல்லாம் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மின்தடை மிகக் குறைவான இடங்களில் இந்த நூல் படம் வியக்கத்தக்க அளவு சரியாகவே இருக்கும். ஓட்டம் புலத்தை இழுக்கும் வேகம், மின்தடை அதைக் கரைக்கும் வேகம் இரண்டையும் ஒப்பிடும் எண்ணுக்குக் காந்த ரேனால்ட்ஸ் எண் என்று பெயர். சூரியனுக்குள் அது கோடிகளில் இருக்கும்.

ஒழுங்கில்லாத சுழல்கள் ஒரு சிறு விதைப் புலத்தை இப்படி இழுத்து இழுத்தே பெருக்கிவிட முடியும் என்பதை 1967-இல் சோவியத் ஆய்வாளர் கசான்ட்சேவ் கணக்குப் போட்டுக் காட்டினார். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஒமேகா லேசரைக் கொண்டு ஆய்வகத்திலேயே பிளாஸ்மா தாரைகள் இரண்டை மோதவிட்டு, கொந்தளிப்பு புலத்தைப் பெருக்குவதைப் பார்த்ததாக 2018-இல் ஒரு குழு அறிவித்தது. இந்தப் பெருக்கம் எங்கே நிற்கும்? புலம் வலுத்து, இழுக்கும் சுழலையே திருப்பி இழுக்கும் அளவுக்கு வரும்போது. நீட்டிய ரப்பர் பட்டை போலக் காந்தப்புலக் கோட்டுக்கும் இழுவிசை உண்டு. சுழலின் இயக்க ஆற்றலும் புலத்தின் ஆற்றலும் ஏறத்தாழ ஒன்றை ஒன்று எட்டும் இடத்தில் ஆட்டம் சமநிலைக்கு வருகிறது.

அந்தச் சமநிலையில் புலம் எப்படித் தோன்றும்? பாகுத்தன்மை மிகுந்து மின்தடை மிகக் குறைந்த பிளாஸ்மாவைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் மடித்துவைத்த துணி போல இருக்கும். நீளவாக்கில் ஒரு சுழலின் அகலத்துக்குக் கோடு நேராகப் போகும். குறுக்கே பார்த்தால் இப்படி, அப்படி, இப்படி என்று திசை மாறி மாறி அடுக்கடுக்காக நிற்கும். விண்மீன் திரள்களின் கொத்துகளுக்குள் பரவியிருக்கும் வெப்ப வாயுவில் சில மைக்ரோகாஸ் (காஸ் என்பது காந்தப்புலத்தின் அலகு, மைக்ரோகாஸ் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) புலம் இருப்பதற்கு இப்போது சொல்லப்படும் விளக்கமும் இந்த வகைப் பெருக்கம்தான்.

இனி வலைக்கு வருவோம். இதற்குச் சூரியனின் மேற்பரப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஹவாயில் உள்ள இனூயே தொலைநோக்கி 2020-இல் வெளியிட்ட படங்களில் சூரியன் முழுக்கப் பொன்னிறக் குமிழ்களாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,000 கி.மீ. அகலம். நடுவில் சூடான பிளாஸ்மா மேலே வருகிறது, பக்கவாட்டில் விரிகிறது, ஓரத்தில் இருக்கும் கருத்த சந்துகளில் குளிர்ந்து கீழே இறங்குகிறது. சில நிமிடங்களில் ஒரு குமிழ் அழிந்து இன்னொன்று வந்துவிடும். பிளாஸ்மாவோடு ஒட்டிய காந்தப்புலத்துக்கு என்ன ஆகும்? குமிழின் நடுவில் நிற்க முடியாது. தரையைக் கூட்டும்போது குப்பை சுவரோரம் சேர்வது போல, அதுவும் சந்துகளுக்குத் தள்ளப்படும். சுழலும் ஓட்டம் புலத்தைத் தன் நடுவிலிருந்து வெளியேற்றி ஓரத்தில் குவிக்கும் என்று 1966-இல் நைஜல் வைஸ் கணினியில் செய்து காட்டியது இதைத்தான். படத்தில் சந்துகளுக்குள் மின்னும் வெண்புள்ளிகளைப் பார்த்தால், அவைதான் குவிந்த புலம்: நூறு கி.மீ. அளவே அகலமான குழாய்கள், 1,000 காஸுக்கும் மேல் வலிமை.

இதில் கணக்கு உதைக்கிறதே என்று கவனித்துப் படிப்பவர் கேட்கலாம். இயக்க ஆற்றலும் காந்த ஆற்றலும் சமமானால் பெருக்கம் நிற்கும் என்றோமே. அந்தக் கணக்கின்படி சூரிய மேற்பரப்பில் சில நூறு காஸோடு நின்றிருக்க வேண்டும். மீதியை அழுத்துவது சுழல் அல்ல, சுற்றியுள்ள வாயுவின் எடை. குவிந்த புலம் தனக்குள் வெப்பச்சலனத்தைத் தடுத்துவிடுகிறது. கீழிருந்து சூடு வராததால் குழாய்க்குள் இருக்கும் வாயு குளிர்ந்து கீழே நழுவுகிறது. குழாய் பாதி காலியாகிறது, வெளியழுத்தம் அதை நசுக்குகிறது. கொந்தளிப்பு தொடங்கிவைத்த வேலையை ஈர்ப்புவிசை முடித்துவைக்கிறது.

இதே கொந்தளிப்புதான் அழிக்கவும் செய்கிறது. பெரிய சூரியப் புள்ளி ஒன்றின் புலம் மின்தடையால் மட்டும் கரைய வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உண்மையில் வாரக்கணக்கில் முடிந்துவிடுகிறது, ஓரத்தைச் சுற்றியுள்ள ஓட்டங்கள் அதைத் துண்டு துண்டாக அரித்துக்கொண்டு போவதால். ஆக, 'கட்டுமா, கலைக்குமா' என்று கேட்பதைவிட 'எந்த அளவில் கட்டும், எந்த அளவில் கலைக்கும்' என்று கேட்பது பயன் தரும்.

தாள்கள் வருவதற்குக் காரணம் வேறு. இதுவரை புலம் பலவீனமானது, ஓட்டம் சொல்வதைக் கேட்கும் என்று வைத்துக்கொண்டோம். சூரியக் காற்றிலும் (சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மா) விண்மீன்களுக்கு இடையிலான வெளியிலும் ஓரளவு வலுவான புலம் ஒரு திசையில் ஏற்கெனவே நிற்கிறது. அதன் மேல் கொந்தளிப்பு நடக்கிறது.

சாதாரணத் திரவத்தில் பெரிய சுழல் உடைந்து சிறிய சுழல்களாகி, அவை இன்னும் சிறியவையாகி, ஆற்றல் படிப்படியாகக் கீழே இறங்கும். எந்த அளவில் எவ்வளவு ஆற்றல் என்பதற்குக் கோல்மகோரோவ் 1941-இல் மைனஸ் 5/3 என்ற புகழ்பெற்ற அடுக்கைக் கொடுத்தார். அங்கே சுழல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி. பிளாஸ்மாவிலும் அப்படியே இருக்கும் என்று 1960-களில் இரோஷ்னிகோவும் கிரைச்னனும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் புலத்தின் பங்கை மறந்தவர்கள் அல்லர். புலம் இருந்தால் அடுக்கு மைனஸ் 3/2 ஆக மாறும் என்று முதலில் சொன்னவர்களே அவர்கள்தான். சறுக்கியது திசை விஷயத்தில்.

புலத்துக்குக் குறுக்கே திரவத்தைக் கலக்குவது எளிது: கோடுகள் வளையாமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நகர்ந்தால் போதும். புலத்தின் நீளவாக்கில் சிறிய சுழலை உண்டாக்க வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கமாக வளைக்க வேண்டும்; இழுவிசை விடாது. ஆகவே சுழல் குறுக்குவாட்டில் வேகமாகச் சிறுக்கும், நீளவாட்டில் மெதுவாகத்தான் சிறுக்கும். 1995-இல் கோல்ட்ரைக்கும் ஸ்ரீதரும் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள்: நீளம், குறுக்களவின் 2/3 அடுக்கில் மாறும். குறுக்களவு ஆயிரத்தில் ஒரு பங்காகும்போது நீளம் நூறில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும். உருண்டையாகத் தொடங்கிய சுழல், தன் அகலத்தைப் போலப் பத்து மடங்கு நீண்ட இழையாகிவிடுகிறது. சிறுக்கச் சிறுக்க இன்னும் மெலியும். ஓட்டத்தின் திசையும் புலத்தின் அதிர்வுத் திசையும் சிறிய அளவுகளில் ஒன்றோடொன்று ஒட்டிச் சாயத் தொடங்கும், அதனால் இழை தட்டையாகி நாடாவாகும் என்று 2006-இல் போல்டிரெவ் சேர்த்தார். அங்கே மறுபடி மைனஸ் 3/2 திரும்பி வருகிறது. இரோஷ்னிகோவும் கிரைச்னனும் விடையைத் தொட்டது வேறு வழியில் என்றாலும், எண் பிழைத்துக்கொண்டது.

தட்டையான நாடாவின் இரு பக்கமும் புலம் வெவ்வேறு திசை பார்க்கும். திசை சட்டென்று மாறும் இடத்தில் மின்னோட்டம் ஓடியே ஆக வேண்டும். அதுதான் மின்னோட்டத் தாள். கொந்தளிக்கும் பிளாஸ்மாவின் கணினிப் படம் எதையாவது திறந்து, மின்னோட்டத்தின் வலிமைக்கு ஏற்ப நிறம் கொடுத்துப் பாருங்கள். இடத்தின் பெரும்பகுதி இருட்டாகக் கிடக்கும். கசங்கிய காகிதத்தின் மடிப்புகள் போல மெல்லிய பளிச்சென்ற கோடுகள் மட்டும் தெரியும். பிளாஸ்மாவைச் சூடாக்கும் வேலையில் கணிசமான பங்கு இந்தச் சிறிய பரப்பில்தான் நடக்கிறது.

தாள் எவ்வளவு மெல்லியதாகலாம்? 1950-களின் பிற்பகுதியில் ஸ்வீட்டும் பார்க்கரும் போட்ட கணக்கில், எதிரெதிர் கோடுகள் தாளுக்குள் வந்து அறுந்து மாற்றி ஒட்டிக்கொள்ளும். இதுவே காந்த மறுஇணைப்பு. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே சூரியனின் வெளிமண்டலத்துக்குப் போட்டால் ஒரு சூரியச் சுடர் வெடிக்க மாதக்கணக்கில் ஆகும். நிஜச் சுடர் நிமிடங்களில் வெடிக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து, 2007-இல், லூரேரோ, ஷெகோசிகின், கௌலி மூவரும் ஒரு வழி காட்டினார்கள்: தடிமனைப் போல நூறு மடங்குக்கு மேல் நீண்ட தாள் தாளாகவே நிற்காது. தானாகக் கிழிந்து வரிசையாகக் காந்தத் தீவுகளாக உருண்டுவிடும். முப்பரிமாணத்தில் அந்தத் தீவு ஒவ்வொன்றும் முறுக்கிய சிறு கயிறு. தீவுகளுக்கு இடையில் மிஞ்சும் குட்டித் தாள்களும் நீண்டு கிழியும். மறுஇணைப்பு வேகம் அதன்பிறகு மின்தடையைக் கிட்டத்தட்டச் சார்ந்திருப்பதில்லை. கொந்தளிப்பால் கோடுகள் அலைந்து திரிவதே மறுஇணைப்பை வேகப்படுத்தப் போதும் என்று 1999-இல் லசாரியனும் விஷ்னியாக்கும் சொன்னது இன்னொரு வழி. எது எங்கே ஓங்குகிறது என்பதில் இரண்டு தரப்பும் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். என் சாய்வைக் கேட்டால், இரண்டையும் எதிரிகளாக நிறுத்துவதே தேவையற்ற வேலை. கொந்தளிப்பு தாளை உண்டாக்குகிறது, தாள் கிழிந்து கயிறாகிறது, கயிறுகள் மோதிக் கொந்தளிப்பைக் கூட்டுகின்றன.

இதெல்லாம் கணினிக்குள் மட்டும் நடப்பதில்லை. 2015 மார்ச்சில் நாசா ஏவிய எம்எம்எஸ் விண்கலங்கள் நான்கும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நான்முகி வடிவில் பறப்பவை. எலெக்ட்ரான்களை 30 மில்லிநொடிக்கு ஒருமுறை அளக்கும். சூரியக் காற்று பூமியின் காந்தக் கவசத்தில் மோதிக் கலங்கும் பகுதிக்குள் அவை சென்றபோது, சில கிலோமீட்டர் தடிமனே உள்ள ஒரு தாள் கண்ணிமைப்பதற்குள் அவற்றைக் கடந்து போனது. அதன் இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் எலெக்ட்ரான் தாரைகள் பீறிட்டன. வழக்கமான மறுஇணைப்பில் கூடவே வர வேண்டிய அயனித் தாரையைக் காணவில்லை. அயனிகள் கனமானவை, தாளோ அவை திரும்புவதற்குள் முடிந்துவிடும் அளவு சிறியது. அவற்றுக்கு அங்கே ஏதோ நடந்ததே தெரியவில்லை. 2018-இல் வெளியான இந்த முடிவு, கொந்தளிப்பு தாள்களை எந்த அளவுக்கு மெலியவைக்கிறது என்பதை நேரில் காட்டியது.

வடிவத்தைப் பார்த்தே புலத்தின் வலிமையைச் சொல்லலாம் என்பது இந்தத் துறையின் பழைய, எனக்குப் பிடித்த தந்திரம். 1953-இல் சந்திரசேகரும் ஃபெர்மியும் விண்மீன் ஒளியின் முனைவாக்கத் திசைகளை, அதாவது ஒளியலை அதிரும் திசைகளை, எடுத்துக்கொண்டார்கள். தூசித் துகள்கள் புலத்தோடு வரிசைப்படுவதால் அந்தத் திசை புலத்தைக் காட்டும். கொந்தளிப்பின் வேகம் தெரியும். புலம் வலுவாக இருந்தால் கோடுகள் அதிகம் நெளியாது. பலவீனமானால் தாறுமாறாக நெளியும். நெளிவின் சராசரிக் கோணத்திலிருந்து நம் விண்மீன் மண்டலத்தின் சுருள் கையில் சுமார் 7 மைக்ரோகாஸ் என்று வந்தது. இன்றைய மதிப்பீடுகள் அதே அளவில்தான் இருக்கின்றன.

கடைசியாகக் கயிறு. தாள் கிழிந்து உருளும் குட்டிக் கயிறுகளைப் பார்த்துவிட்டோம். ஆனால் பெரிய கயிறுகள், அதுவும் ஒழுங்கானவை, எப்படி வருகின்றன? இதற்கான திறவுகோல் ஒரு ஆய்வகக் கருவியில் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் 1957-இல் ஓடத் தொடங்கிய ஸீட்டா, அணுக்கரு இணைவுக்காகக் கட்டிய வளைய வடிவ எந்திரம். இணைவு நடந்துவிட்டது என்று 1958-இல் அவசரப்பட்டு அறிவித்து, பின்னர் வாபஸ் வாங்கிய கதை பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம் இது: மின்னோட்டத்தைப் பாய்ச்சியதும் பிளாஸ்மா கன்னாபின்னாவென்று கொந்தளிக்கும், பிறகு, யாரும் எதுவும் செய்யாமலேயே, சில சமயம் அமைதியாகிவிடும். அமைதியான பின் அளந்தால், ஓரத்தில் உள்ள புலம் தொடக்கத்தில் வைத்த திசைக்கு எதிர்த்திசையில் நிற்கும். யாரும் அதைத் திருப்பவில்லை.

1974-இல் பிரையன் டெய்லர் இதை விளக்கினார். பிளாஸ்மாவுக்குள் இருக்கும் காந்தக் கணக்குகள் இரண்டு. ஒன்று ஆற்றல். இன்னொன்று ஹெலிசிட்டி, அதாவது கோடுகள் எவ்வளவு முறுக்கியும் ஒன்றோடொன்று கோத்தும் கிடக்கின்றன என்ற அளவு. முறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். கொந்தளிப்பு மெல்லிய தாள்களை உண்டாக்கி அங்கே ஆற்றலை வேகமாகச் செலவழிக்கும், ஏனென்றால் வெப்பமாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முறுக்களவின் இழப்பிலோ மின்னோட்டம் ஒரே ஒரு முறைதான் வருகிறது. எனவே அது மிக மெதுவாகக் குறையும். இரு முனையும் கட்டிய முறுக்குக் கயிற்றை எவ்வளவு உலுக்கினாலும் முறுக்கு இடம் மாறுமே தவிர அவிழாது. ஆற்றல் போய்க்கொண்டே இருக்கிறது, முறுக்கு அப்படியே இருக்கிறது என்றால், அந்த முறுக்கை மிகக் குறைந்த ஆற்றலில் தாங்கும் வடிவம் எதுவோ அதில் பிளாஸ்மா போய் உட்காரும். அந்த வடிவம் மின்னோட்டமும் புலமும் ஒரே திசையில் ஓடும் ஒரு கயிறு என்பதை 1958-லேயே வோல்ட்யர் கணிதமாக எழுதிவைத்திருந்தார். ஸீட்டாவின் வளையத்தில் அதைப் பொருத்தினால், மின்னோட்டம் போதுமான அளவு இருக்கும்போது ஓரத்துப் புலம் திரும்பியே ஆக வேண்டும்.

டெய்லருக்கு அடுத்த ஆண்டே, 1975-இல், ஃபிரிஷ், புக்கே குழுவினர் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்கள்: ஆற்றல் பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கும்போது, முறுக்களவு சிறியதிலிருந்து பெரியதுக்கு ஏறும். சிறு முறுக்குகள் சேர்ந்து பெரிய முறுக்காகும். மைத்துளிக்கு இப்படி ஒரு கணக்கே கிடையாது. அதனால்தான் அது கரைந்துபோகிறது.

சூரியனுக்கு இது ஒரு தலைவலியும் கூட. சேர்ந்துகொண்டே போகும் முறுக்கை எங்காவது கழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதிய புலத்தை உண்டாக்கும் டைனமோ மூச்சுத்திணறும். சூரியன் அதை வெளியே எறிகிறது. பிளாஸ்மாவின் பெரும் உமிழ்வுகள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு முறுக்குக் கயிறு. வட அரைக்கோளத்திலிருந்து வருபவற்றில் இடப்புற முறுக்கு அதிகம், தெற்கிலிருந்து வருபவற்றில் வலப்புறம். சூரியனின் காந்த முனைகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறும்போதும் இந்தச் சாய்வு மாறுவதில்லை.

அப்படி ஒரு கயிறு பூமியைக் கடக்கும்போது விண்கலத்தின் காந்தமானி வரையும் கோட்டைப் பார்க்க வேண்டும். முதலில் சில மணி நேரம் கோடு கிறுக்கல்: கயிறு முன்னே தள்ளிக்கொண்டு வரும் கலங்கிய பிளாஸ்மா. பிறகு கிறுக்கல் அடங்கும். புலம் வழக்கத்தைவிட வலுத்து, அதன் திசை தெற்கிலிருந்து வடக்கோ வடக்கிலிருந்து தெற்கோ ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொண்டு, ஒரு உதறல் கூட இல்லாமல், மெல்லத் திரும்பும். அந்த ஒரு நாளில் நம்மைத் தாண்டிப் போகும் கயிற்றின் தடிமன் கோடிக்கணக்கான கிலோமீட்டர்.